முடத்தெங்குக்கு நீர் வார்த்தல்

(ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகள் குறித்துச் சில குறிப்புகள்)

1

கற்பிப்பவருக்குக் கற்பிப்பது யார் என்பது பழைய கேள்வி. 1845இல் ஃபாயர்பாக் குறித்து எழுதிவைத்த குறிப்புகளில் மூன்றாவதில் மார்க்ஸ் இதைத் தொடுகிறார். சூழலும் வளர்ப்பும்தான் மனிதர்களை ஆக்குகின்றன என்று சொல்லுகிறவர்கள், சூழலை மாற்றுகிறவர்களும் மனிதர்களே என்பதை மறந்துபோகிறார்கள். கற்பிப்பவரும் கற்பிக்கப்பட வேண்டியவர்தான் என்பதையும் மறந்துபோகிறார்கள். அப்படி மறந்தால் சமூகம் இரண்டாகப் பிளந்து ஒரு பகுதி மற்றதன் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் வாதம். இன்று நம்மூர் ஆசிரியருக்குக் கைபேசி வழியே வந்து சேர்கிற பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டுமானால், மேலே உட்கார்ந்திருக்கிற அந்தப் பகுதி எது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தமிழில் சிறுபத்திரிகை வாசிக்கிறவர்களில், எழுதுகிறவர்களில், சந்தா சேர்த்துக் கொடுக்கிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அவர்களுடைய இரவு நேரமும் வாசிப்பும் சிந்திக்கும் பழக்கமும் என்னவாகின்றன என்பது நம் விஷயந்தான்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியர். இரண்டாசிரியர் பள்ளி. ஒருநாள் ராத்திரி அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுப்பங்கரை மேடையில் கைபேசியைச் சாய்த்துவைத்துவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியில் யாரோ ஒருவர் 'குழந்தை மையக் கற்பித்தல்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "என்னக்கா, பாடமா?" என்றேன். "ஆமா தம்பி, ஓடட்டும். ஓடி முடிஞ்சாத்தான் அடுத்தது திறக்கும்" என்றார். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கேள்விகளுக்கான விடைகள், வரிசை எண்ணோடு. அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு நெசமாவே ஒரு சந்தேகம் இருந்துச்சு தம்பி. அதைக் கேக்க அதுல எடமே இல்ல" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

2

முதலில் நடப்பது என்னவென்று விளங்கிக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்குப் பணியில் இருக்கும்போதே பயிற்சி தர வேண்டும் என்கிற எண்ணம் புதிதல்ல. 1964-66இல் இயங்கிய கோத்தாரி கல்விக்குழு, ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று மாதப் பயிற்சி பெற வேண்டும் என்றது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு வட்டார வள மையமும் குறுவள மையமும் வந்தன. அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்று கணக்கு வைத்தார்கள்.

தூரத்திலிருந்து பயிற்சி தருவதும் புதிதல்ல. 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பரிசோதனை நடத்தினார்கள். அதன் பகுதியாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 50,000 பேருக்கு அறிவியல் கற்பிக்கப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள். தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சிட்ட பாடமும் செய்முறையும் சேர்ந்திருந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இப்போதைய கதை 2017 செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தில் 'தீக்ஷா' என்கிற தளம் தொடங்கப்பட்டதிலிருந்து ஆரம்பிக்கிறது. 'அறிவைப் பகிர்வதற்கான டிஜிட்டல் உள்கட்டமைப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் அவை. இது 'சன்பேர்ட்' என்கிற திறந்த மூல மென்பொருளின்மேல் எழுப்பப்பட்டது. அதை உருவாக்கியது நந்தன் நிலேகனி, ரோகிணி நிலேகனி, சங்கர் மாருவாடா மூவரும் தொடங்கிய எக்ஸ்டெப் அறக்கட்டளை. 2019 ஆகஸ்டில் 'நிஷ்டா' என்கிற பயிற்சித் திட்டம் வந்தது. தொடக்கநிலை ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி தருவது இலக்கு. முதலில் நேரடிப் பயிற்சியாகத்தான் தொடங்கியது. பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடியதும், 2020 அக்டோபரில் அதையே 18 பாடத்தொகுதிகளாக்கித் தீக்ஷாவில் ஏற்றினார்கள். 2021இல் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு இரண்டாம் பதிப்பும், அடிப்படை எழுத்தறிவு-எண்ணறிவுக்கு மூன்றாம் பதிப்பும் வந்தன. இதற்கிடையில் 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணிநேரம் தொடர் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. தன் சொந்த மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்கு முன்பே ஒன்றிய அரசோடான இழுபறியில் 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. ஆனால் நிஷ்டா பாடங்கள் தமிழிலும் வந்தன, நம் ஆசிரியர்களும் அவற்றை முடித்தார்கள். மாநிலத்துக்கென்று தனியாக 'தமிழ்நாடு ஆசிரியர் தள'மும் இருக்கிறது. கொள்கையில் இரண்டு அரசுகளும் மோதிக்கொள்கின்றன. மோதட்டும், அந்த மோதல் நியாயமானது, நாம் நிற்க வேண்டிய பக்கமும் தெளிவானது. ஆனால் ஆசிரியரைத் திரைக்கு முன்னால் உட்காரவைக்கிற முறையில் மட்டும் இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விட முடியாது.

3

பெயர்களைக் கவனியுங்கள். தீக்ஷா, நிஷ்டா, ஸ்வயம், நிபுண். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட தொடரை இழுத்துக்கட்டி, முதலெழுத்துக்களைச் சேர்த்தால் சமஸ்கிருதச் சொல் வரும்படி செய்கிற வித்தை. தற்செயலாக வந்து விழுந்த பெயர்கள் அல்ல இவை.

தீக்ஷா என்றால் தீட்சை. தமிழ் படித்த நமக்கு உடனே சைவ சித்தாந்தத்தின் ஏழு தீட்சைகள் ஞாபகம் வருகின்றன. குரு கண்ணால் பார்த்தால் நயன தீட்சை. தொட்டால் பரிச தீட்சை. மந்திரத்தைச் சொன்னால் வாசக தீட்சை. இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், வாங்குபவரிடம் குருவுக்குக் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. நிஷ்டை என்பதோ அசையாமல் ஒன்றில் நிலைத்து உட்கார்வது. ஆக, உபதேசம் பெறுவதும் அசையாதிருப்பதும் ஆசிரியரின் தொழில்வளர்ச்சிக்குப் பெயர்களாகிவிட்டன. பெயர் வைத்தவர்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். யோசிக்காமல் வருவதில்தான் கருத்தியல் வேலை செய்கிறது.

ஆனால் இங்கே தாண்டிச்செல்லக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. 'பழைய நேரடிப் பயிற்சி பொற்காலம், கணினி வந்து கெடுத்தது' என்று ஒப்பாரி வைப்பது எளிது. அது பொய். பழைய முறைக்கு அடுக்குமுறை என்று பெயர். டெல்லியில் சிலருக்குச் சொல்வார்கள், அவர்கள் மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்தில், பிறகு வட்டாரத்தில். மேலே ஒரு குடம் ஊற்றினால் கீழே ஒரு சொட்டு வந்து சேரும். வட்டார வள மையத்தில் மின்விசிறி ஓடாத கூடத்தில் நாற்காலிகள் நிறைய ஆட்கள். காலையில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் படிக்காசு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் ஆசிரியருக்கும், மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரவேண்டியவருக்கும் அந்தப் பயிற்சி ஒரு தண்டனையாகவே இருந்தது.

இணையவழி இதில் சிலவற்றை நிஜமாகவே மாற்றியது. மேலே சொன்னது அப்படியே கீழே வந்து சேர்கிறது. நல்ல காணொலியை இரண்டாம் முறை பார்க்கலாம். பள்ளி மூட வேண்டியதில்லை. சில பாடத்தொகுதிகள் கவனமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பாலின வேறுபாடு, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் ஆகியவை பற்றி முன்பு ஒருநாளும் பயிற்சி பெறாதவர்களுக்கு அவை முதல் அறிமுகமாகவும் இருந்தன. தொழில்நுட்பத்தை மொத்தமாகத் தூக்கிப்போடச் சொல்லுவது நம் வேலையல்ல. எது வந்தது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

4

நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தி, ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு நான்கு உவமைகள் சொல்லுவார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. நன்னூலை இங்கே இழுப்பதால் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நல்லாசிரியர் இலக்கணத்தை அது குலத்திலிருந்துதான் தொடங்குகிறது. யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்று பட்டியலும் போடுகிறது. அந்தப் படியில் நம்மில் பெரும்பாலோர் திண்ணையில்கூட ஏறியிருக்க முடியாது. இருந்தாலும் கற்றல் எப்படி நடக்கிறது என்று கூர்ந்து பார்த்த ஒருவரின் கண் அதில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மடற்பனை என்பது கருக்கு மட்டைகள் கழியாத பனை. கிட்டப் போக முடியாது, ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். இணையவழிப் பாடம் இன்றைய வடிவில் மடற்பனையாக இருக்கிறது. அக்காவின் சந்தேகம் என்ன என்று கேட்டேன். அவர் இரண்டாம் வகுப்பில் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து இரண்டு குழந்தைகள் வருகின்றன. வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது தமிழோடு உறவில்லாத, குஜராத்திக்குப் பக்கத்து மொழி. 2023இல்தான் அந்தச் சமூகம் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வகுப்பில் அந்த இரண்டும் வாயே திறப்பதில்லை. அக்கா பார்த்த பாடத்தொகுதி, குழந்தையின் வீட்டு மொழியை வகுப்பறையின் வளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அழகாகச் சொல்லியது. கடைசியில் ஒரு கேள்வி: வீட்டு மொழி கற்றலுக்குத் தடை, சரியா தவறா? 'தவறு' என்று அழுத்தினார். மதிப்பெண் வந்தது.

"சரி, பயன்படுத்தணும். எப்படிப் பயன்படுத்தறது? எனக்கு அந்த பாஷை ஒரு வார்த்தை தெரியாதே. அவங்க அம்மாவக் கூப்பிட்டா அதுவும் ஊசி பாசி விக்க வெளியூர் போயிருக்கு. இத நான் யார்கிட்டக் கேக்குறது?"

திங்கட்கிழமை காலையில் அந்தக் குழந்தைகள் முன்போலவே பேசாமல் உட்கார்ந்திருந்தன. பாடத்தொகுதியின் கணக்கில் பயிற்சி முடிந்துவிட்டது. வகுப்பறையின் கணக்கில் அது இன்னும் தொடங்கவேயில்லை.

பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று சொன்னது குழந்தைகளுக்கு நடப்பதைப் பற்றி என்றே நாம் பெரும்பாலும் படித்திருக்கிறோம். வைப்புத்தொகை போடுவதுபோல அறிவை ஆசிரியர் குழந்தையிடம் போடுகிறார். இங்கே ஆசிரியரே வங்கிக் கணக்காகிவிட்டார். கொடுமை என்னவென்றால், 'குழந்தைகள் கேள்வி கேட்டுக் கற்க வேண்டும்' என்கிற செய்தியைக் கேள்வி கேட்க இடமில்லாத ஒரு முறையில் போடுகிறார்கள். செய்தி ஒன்று சொல்கிறது, முறை வேறொன்று சொல்கிறது. மனிதர்கள் கற்றுக்கொள்வது முறையைத்தான். நாளை அந்த ஆசிரியரும் வகுப்பில் 'எல்லாரும் கேள்வி கேக்கணும், புரிஞ்சுதா? அமைதி!' என்று சொன்னால் அவரை நொந்து பயனில்லை. இந்தியப் பள்ளி ஆசிரியரைப் பணிவான சர்வாதிகாரி என்று கிருஷ்ணகுமார் வர்ணித்தார். குழந்தைகளுக்கு முன்னால் சர்வாதிகாரி, மேலதிகாரிக்கு முன்னால் பணிவு. இரண்டாவது பாதியை மாற்றாமல் முதல் பாதியை மட்டும் மாற்றிவிட முடியும் என்று பயிற்சி வகுக்கிறவர்கள் நம்புகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் விடைகள் சுற்றுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இதை எல்லாரும் அறிவார்கள். யூடியூபில் தேடினாலே விடைக் காணொலிகள் கிடைக்கின்றன. சிலர் இதை ஆசிரியர்களின் ஒழுக்கக்கேடு என்கிறார்கள். நம் பக்கத்து நண்பர்கள் சிலர் இதை அதிகாரத்துக்கு எதிரான கலகம் என்றுகூடச் சொல்லக்கூடும். இரண்டும் இல்லை. கலகத்தில் ஏதாவது ஒன்று நொறுங்க வேண்டும். இங்கே எதுவும் நொறுங்குவதில்லை, சான்றிதழ் அச்சாகிறது, எண்ணிக்கை ஏறுகிறது, மேலே அறிக்கை போகிறது. பாவனைப் பயிற்சிக்குப் பாவனைப் படிப்பு. இரு தரப்புக்கும் பொய் என்று தெரியும், இரு தரப்பும் காட்டிக்கொள்வதில்லை. இந்தப் பழக்கம்தான் ஆபத்து. பள்ளிக்கூடம் முழுதும் இது பரவினால், குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று பதிவேட்டில் எழுதுவதற்கும் அதே கை பழகிவிடும்.

5

அடுத்தது முடத்தெங்கு. வளைந்த தென்னை. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார், அது வேலிக்கு அப்பால் சாய்ந்து காயைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் உதிர்க்கும்.

ஆசிரியர் தளத்துக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எப்போது திறந்தார், எந்தப் பக்கம் பார்த்தார், எதைத் தொட்டார், எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தார், எப்போது முடித்தார் என்று ஒவ்வொன்றையும் நிகழ்வாகப் பதிகிற அமைப்பு இந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பதிவுகள் மேலே போய் மாவட்ட வாரியாக, மாநில வாரியாக விழுக்காடுகளாகின்றன. தன் உழைப்பிலிருந்து பிறந்த இந்தத் தகவலை ஆசிரியர் தானே வாசித்து, 'இந்த இடத்தில் எங்கள் ஒன்றியத்தில் எல்லாரும் தடுமாறியிருக்கிறோம், இதைப் பேசுவோம்' என்று சொல்ல வழியில்லை. அவருக்குத் திரும்பி வருவது ஒரு சான்றிதழும், முடிக்காவிட்டால் ஒரு நினைவூட்டலும்தான்.

தகவல் எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பெருந்தொற்றுக் காலக் கல்விச் செயலிகளை ஆராய்ந்த மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில் தீக்ஷாவின் பெயரும் இருந்தது. மாணவர்களின் இருப்பிடத் தகவலைச் சேகரிக்கும் திறன் அதற்கு இருந்ததாக அது சொன்னது. 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. பாதுகாப்பில்லாத ஒரு சேமிப்பகத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முதலியவை ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் அப்படியே கிடந்தன. காய் எந்த முற்றத்தில் விழுந்தது என்று கடைசிவரை யாருக்குத் தெரியும்?

இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறாகப் பார்க்கக் கூடாது. இதற்கொரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது: ஆய்வாளர் வந்து தேர்வு வைப்பார், எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம். அதே முறை 1860களிலேயே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியாரும் முடிவுக்கேற்ற மானியத்துக்குள் இழுக்கப்பட்டார். ஊராரிடம் நெல்லும் காசும் வாங்கி, எதை எப்போது சொல்லித்தருவது என்று தானே தீர்மானித்தவர், ஆய்வாளரின் பட்டியலுக்குப் பாடம் நடத்துகிற ஆளானார். திண்ணைப் பள்ளியில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பது வேறு பெரிய கதை. அதை மறைத்துப் பழசைப் புகழ வேண்டியதில்லை. காலனிய அரசின் பள்ளி சில கதவுகளைத் திறந்ததும் உண்மை. ஆனால் ஆசிரியர் என்பவர் எண்ணிக் கணக்கிடப்படுகிற கடைநிலை அலுவலர் என்கிற தன்னிலை அப்போது உருவாக்கப்பட்டது. இன்றைக்கு எமிஸ் தளத்தில் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் கேட்கும்போது, நூற்றைம்பது வருஷத்துப் பழைய முடிச்சு ஒன்றைத்தான் அவிழ்க்கக் கேட்கிறார்கள்.

பூக்கோ 1975இல் எழுதிய நூலில் தேர்வைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பார்ப்பதும் தரம் பிரிப்பதும் தேர்வில் ஒன்றாகச் சேர்கின்றன. தேர்வெழுதுகிற ஒவ்வொருவரும் கோப்பில் ஒரு நேர்வாகிறார். ஆண்டுக்கு 50 மணிநேரம் என்கிற அளவு அப்படியொரு நீண்ட தேர்வாக மாறும் சாத்தியம் இருக்கிறது. ஐம்பது மணிநேரம் படிக்கிற ஆசிரியர் நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணப்படுவது எது? திரைக்கு முன்னால் கழிந்த நேரம் எண்ணப்படும். அக்கா ஒரு நாவலை வாசித்துவிட்டு அதிலிருந்து வகுப்புக்கு ஒரு கதை எடுத்துப்போனால் அது எண்ணப்படாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு டீக்கடையில் ஒருமணிநேரம் பேசித் தீர்த்த சந்தேகம் எண்ணப்படாது. நரிக்குறவர் குடியிருப்புக்கு நடந்துபோன சாயங்காலம் எண்ணப்படாது.

6

அப்படியானால் எதுதான் பயிற்சி? மறுபடியும் பவணந்தியிடமே போவோம். ஆசிரியர் சொன்னதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது கால் பங்குப் புலமைதான் என்கிறார். உடன் கற்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரையும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. கால், கால், அரை. எந்தப் பல்கலைக்கழகக் கல்வியியல் நூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கணக்கை வைத்து இன்றைய இணையவழிப் பயிற்சியை அளந்து பாருங்கள். மிகச் சிறந்த காணொலி, மிகத் தேர்ந்த பேச்சாளர், மிகச் சரியான தமிழ் என்று எல்லாம் அமைந்தாலும் அது முதல் கால் பங்கைத்தான் தர முடியும். உடன் கற்பவர் என்று அதில் யாருமில்லை. தனித்தனி வீட்டில் தனித்தனித் திரை. 1975இல் செயற்கைக்கோள் வைத்தபோதுகூட ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கருவி இன்று பல மடங்கு வளர்ந்திருக்கிறது. கூடுதல் மட்டும் குறைந்துவிட்டது. வகுப்பறையில் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து 'இது நடந்தது, இது நடக்கவில்லை' என்று சொல்ல வழியில்லாததால், மீதி அரைப் பங்கும் பயிற்சியின் கணக்கில் சேர்வதில்லை. காலை முழுசென்று சொல்லிச் சான்றிதழ் தருகிறார்கள்.

முழுதாகச் செய்து பார்த்த உதாரணங்கள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியும் ஃப்ரண்ட்ஸ் ரூரல் சென்டரும் ஆரம்பித்தன, 1982இல் உருவான ஏகலவ்யா பிறகு எடுத்து நடத்தியது. செய்துபார்த்துக் கற்பது அதன் அடிப்படை. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு பாடப்புத்தகத்தைத் திருத்தும் அளவுக்குப் போனது. பிள்ளைகள் கேள்விகளை எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை ஆளும் இருந்தார். முப்பது வருஷத்தில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. இன்னொரு உதாரணம் ஃப்ரெய்ரேயே. 1989இலிருந்து 1991வரை சாவோ பாவ்லோ நகரக் கல்விச் செயலராக இருந்தபோது, ஆசிரியர்கள் தம் வகுப்பறை அனுபவத்தை வைத்து விவாதிக்கும் குழுக்களை அவர் ஏற்படுத்தினார். பயிற்சி என்பது தொடர்ந்து நடக்க வேண்டியது, அது நடைமுறையிலிருந்து புறப்பட வேண்டும் என்பது அங்கே கொள்கை. நம் பக்கத்தில் 1990களின் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்பு நடத்திய தொண்டர்களைக் கேட்டுப்பாருங்கள். கையேட்டில் படித்ததைவிட, வாரக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதையே அதிகம் சொல்லுவார்கள்.

இவற்றில் எதற்கும் இணையம் எதிரியல்ல. அதே தளத்தில் ஒரு ஒன்றியத்து இருபது ஆசிரியர்கள் ஒரு குழுவாக இருக்கலாம். பாடத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் செய்து, அதை எழுதி, குறுவள மையத்தில் மாதம் ஒருநாள் நேரில் பேசலாம். கேள்விக்குப் பதில் சொல்ல அந்த மாவட்டத்தைத் தெரிந்த ஒரு மனிதர் இருக்கலாம். இதற்குப் புது மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. தேவைப்படுவது மூன்று. ஒன்று, நேரம்: பயிற்சி பணிநேரத்துக்குள் நடக்க வேண்டும், அதற்கு ஈராசிரியர் பள்ளிகளில் மாற்று ஆள் வேண்டும். ராத்திரித் தோசைக்கல்லுக்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. பெண் ஆசிரியர்களின் வீட்டு உழைப்புக்கு மேலே ஏற்றப்படும் பயிற்சிக்கு மேம்பாடு என்று பெயர் வைப்பது ஏமாற்று. இரண்டு, தகவல்: ஆசிரியரிடமிருந்து எடுத்த விவரம் முதலில் ஆசிரியருக்கே திரும்ப வேண்டும்; யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மூன்று, பேச்சு: 'உங்கள் பாடம் என் வகுப்பில் வேலைக்கு ஆகவில்லை' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், பாடம் எழுதியவர் அதைக் கேட்டுப் பாடத்தை மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் கடினம். மேலே உட்கார்ந்திருக்கும் பகுதி கீழே இறங்கி வராமல் அது நடக்காது. சங்கங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடுவதைப்போல இதற்கும் போராட வேண்டும் என்று சொன்னால், இப்போதைக்கு அது அதிகப்படியாகத் தெரியலாம். ஆனால் சிந்திக்கும் உரிமையும் ஒரு பணிநிலைமைதான்.

7

அக்காவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு. குறுவள மையக் கூட்டமொன்றில், தேநீர் இடைவேளையில், வேறொரு பள்ளி ஆசிரியரிடம் அந்தக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் பள்ளியிலும் அதே நிலைமை இருந்ததாம். அவர் செய்தது இதுதான். ஐந்தாம் வகுப்பில் படித்த அதே குடியிருப்புப் பெண் ஒருத்தியைச் சின்னக் குழந்தைகளோடு உட்காரவைத்து, படத்தைக் காட்டி வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, தமிழ் எழுத்திலேயே ஒரு சுவரொட்டியாக எழுதவைத்தார். அக்காவும் அப்படியே செய்து பார்த்தார். இப்போது அந்த வகுப்புச் சுவரில் நாற்பது ஐம்பது சொற்கள் ஒட்டியிருக்கின்றன. மற்றப் பிள்ளைகள் அவற்றை உச்சரித்துத் தப்பும் தவறுமாகச் சொல்ல, அந்த இரண்டு குழந்தைகளும் திருத்துகிறார்களாம்.

"இப்ப வாயத் தொறந்துட்டாங்க தம்பி, மூட வைக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அந்தத் தேநீர் இடைவேளை பத்து நிமிஷம். எந்தத் தளத்திலும் அது பதிவாகவில்லை.